புரதம், ஈரம், வாயு: உறிஞ்சலை அளக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உலர்ந்த புரதத்தின் மேல் ஒரு வாயுவைச் செலுத்தினால் எவ்வளவு உள்ளே போகும்? அதே புரதம் கொஞ்சம் ஈரமாக இருந்தால் கூடுமா, குறையுமா? இந்தக் கேள்வி பல துறைகளில் எழுகிறது. காற்றில் மிதக்கும் மகரந்தப் புரதங்களை ஓசோன் எப்படி மாற்றுகிறது என்று பார்ப்பவர்களுக்கு இது வேண்டும். உறைய வைத்து உலர்த்திய புரத மருந்துகளைக் குப்பியில் அடைப்பவர்களுக்கும், புரதப் படலத்தால் பொட்டலம் செய்ய நினைப்பவர்களுக்கும், அருங்காட்சியகத்தில் பழைய பட்டுத் துணியையும் கம்பளியையும் காப்பவர்களுக்கும் வேண்டும்.

ஈரம் கூடினால் உறிஞ்சல் கூடும் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். பல வாயுக்களுக்கு அது சரி, சிலவற்றுக்கு நேர்மாறு. ஒரே வாயுவுக்கே ஒரு ஈரப்பதம் வரை ஒரு பதில், அதைத் தாண்டினால் வேறு பதில். அதனால் இந்தத் துறையில் நுழைபவர் முதலில் பழக வேண்டியது ஒன்றுதான்: வாயுவைத் தொடும் முன் தண்ணீரைக் கணக்கிடுவது. புரதத்துக்குள் அந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் எடுத்த வாயு அளவு எதையும் என்னால் நம்ப முடிவதில்லை.

தண்ணீர் செய்யும் நான்கு வேலைகள்

புரதத்துக்குள் வந்த தண்ணீர் ஒரே சமயத்தில் நான்கு வேலைகளைச் செய்கிறது. நான்கும் ஒரே திசையில் இழுப்பதில்லை. சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

முதல் வேலை, இடத்தைப் பிடிப்பது. புரதத்தின் மின்னேற்றமுள்ள தொகுதிகளும் முனைவுத் தொகுதிகளும் (ஒரு பக்கம் சற்று நேர், மறுபக்கம் சற்று எதிர் மின்னேற்றம் கொண்ட அணுக்கூட்டங்கள்) தண்ணீரை விரும்பிப் பிடிக்கும். அமோனியா, கார்பன் டைஆக்சைடு போன்ற வாயுக்களும் பெரும்பாலும் அதே இடங்களைத்தான் தேடுகின்றன. தண்ணீர் முந்திக்கொண்டால் வாயுவுக்கு இடம் குறையும்.

இரண்டாவது, கரைப்பான் வேலை. போதுமான தண்ணீர் சேர்ந்துவிட்டால் வாயு அதில் கரையத் தொடங்கும். இதில் வாயுவுக்கு வாயு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. 25 டிகிரி செல்சியஸில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 0.0013 மோல்தான் கரையும். கார்பன் டைஆக்சைடு சுமார் 0.034 மோல். கந்தக டைஆக்சைடு ஒரு மோலுக்குச் சற்று மேல். அமோனியாவின் கரைதிறன் இவற்றையெல்லாம் விடப் பல மடங்கு அதிகம்.

மூன்றாவது வேலைதான் புதியவர்கள் கண்ணில் கடைசியாகப் படுகிறது. ஆனால் பல சோதனைகளின் முடிவைத் தீர்மானிப்பது அதுதான். தண்ணீர் புரதத்தை இளக்குகிறது. நன்றாக உலர்ந்த புரதம் கண்ணாடி நிலையில் இருக்கும். மூலக்கூறுகள் இறுகிக் கிடக்கும், உள்ளே எதுவும் எளிதில் நகராது. தண்ணீர் சேரச் சேரச் சங்கிலிகளுக்கிடையே உள்ள பிணைப்புகள் தளர்ந்து, அது களி போன்ற அரைத் திண்ம நிலைக்கு வருகிறது. காய்ந்த தோல் விறைத்து நிற்பதும் நனைந்ததும் வளைவதும் இதனால்தான். தோல் என்பதே பெரும்பகுதி கொலாஜன் புரதம்தான். இளகிய புரதத்துக்குள் வாயு மூலக்கூறு விரவும் (தானாகப் பரவும்) வேகம் பல ஆயிரம் மடங்கு கூட உயரலாம்.

நான்காவது, தண்ணீரே வேதிவினையில் பங்கெடுப்பது. கந்தக டைஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்தால் பைசல்பைட் ஆகிறது; அது புரதத்தின் டைசல்பைடு பிணைப்புகளை, அதாவது இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்த பாலங்களை, வெட்டும். கார்பன் டைஆக்சைடு ஈரத்தில் பைகார்பனேட் ஆகலாம், புரதத்தின் அமினோ தொகுதியோடு சேர்ந்து கார்பமேட்டும் ஆகலாம். எத்திலீன் ஆக்சைடு வாயுவால் மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும்போது அறையை வேண்டுமென்றே ஈரமாக வைப்பார்கள். முற்றிலும் காய்ந்த நுண்ணுயிர் வித்துகள் அந்த வாயுவுக்கு அடங்காமல் நிற்கும். புரதமும் மற்ற மூலக்கூறுகளும் ஈரமாக இருந்தால்தான் வினை ஓடும்.

முதல் படி: உங்கள் வாயு எந்த வகை?

சோதனைக்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என் வாயு புரதத்தோடு வினைபுரியுமா, கரையுமா, சும்மா ஒட்டுமா? நைட்ரஜன், ஆர்கான் போன்றவை சும்மா ஒட்டுபவை. உலர் புரதத்தில் அவை வெளிப்பரப்போடு நின்றுவிடும். நைட்ரஜனைக் கொண்டு அளந்தால் உலர் புரதத்தூளின் பரப்பு பெரும்பாலும் கிராமுக்குச் சில சதுர மீட்டர்தான் வரும். அதே தூளை நீராவியைக் கொண்டு அளந்து, 1938-இல் புரூனவர், எம்மெட், டெல்லர் மூவரும் தந்த சமன்பாட்டில் போட்டால் கிராமுக்கு 200 சதுர மீட்டர் போல வரும். நைட்ரஜன் தூளின் மேல்தோலை மட்டும் பார்க்கிறது. தண்ணீர் உள்ளே புகுந்து ஒவ்வொரு முனைவுத் தொகுதியாகத் தேடிப் பிடிக்கிறது. முனைவுள்ள பக்கத் தொகுதிகள் முதலில் தலைக்கு ஒரு தண்ணீர் மூலக்கூறைப் பிடிக்கின்றன என்ற கருத்தை வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1945-லேயே முன்வைத்தார். இந்த இரண்டு பரப்புகளின் வித்தியாசம் புரிந்தால் பாதித் துறை புரிந்த மாதிரி.

கார்பன் டைஆக்சைடு, அமோனியா, கந்தக டைஆக்சைடு ஆகியவை கரைந்து அமில கார வினை செய்பவை. ஓசோன், நைட்ரஜன் டைஆக்சைடு போன்றவை புரதத்தை ஆக்சிஜனேற்றம் செய்பவை, போனால் திரும்பாது. முதல் இரண்டு வகைகளில் "எவ்வளவு பிடித்தது" என்று கேட்கலாம். மூன்றாம் வகையில் "எவ்வளவு வேகமாகத் தின்கிறது" என்றுதான் கேட்க முடியும். கேள்வி மாறினால் கருவியும் மாறும்.

இரண்டாம் படி: புரதத்தைத் தயார் செய்தல்

தொடக்கத்துக்கு இரண்டு புரதங்கள் வசதியானவை. கோழிமுட்டை லைசோசைம் என்ற நொதி சின்னது: 129 அமினோ அமிலங்கள், மூலக்கூறு எடை சுமார் 14,300. மாட்டுச் சீரம் அல்புமின் பெரியது: 583 அமினோ அமிலங்கள், சுமார் 66,500. இரண்டின் வடிவமும் வரிசையும் தெரிந்தவை. தண்ணீர் உறிஞ்சல் பற்றிய பழைய அளவுகளும் ஏராளம். உங்கள் முடிவை ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருக்கும்.

வாங்கிய புரதத்தில் உப்பு இருக்கும். அதைச் சவ்வுப்பை வழியே தூய நீருக்கெதிராகக் கூழ்மப்பிரிப்பு செய்து நீக்குங்கள். கொஞ்சம் சோடியம் குளோரைடு மிச்சம் இருந்தால் கூட 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டியதும் உப்பு தானாகக் கசிந்து கரைசலாகிவிடும். அப்புறம் வரைபடத்தில் ஒரு திடீர் ஏற்றம் தெரியும். அது புரதத்தின் குணம் அல்ல.

உலர்த்தும் முன் கரைசலின் பிஹெச் என்ன என்பதைக் குறித்து வைக்கவும். உறைய வைத்து உலர்த்திய புரதம் கடைசியாக இருந்த கரைசலின் அயனி நிலையை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொள்கிறது. கார்பன் டைஆக்சைடை எடுத்துக்கொண்டால் மின்னேற்றமில்லாத அமினோ தொகுதிதான் அதைப் பிடிக்கும். புரோட்டான் ஏறிய அமினோ தொகுதி பிடிக்காது. ஒரே புரதம், ஒரே ஈரப்பதம், வேறு வேறு பிஹெச்சில் உலர்த்திய இரண்டு மாதிரிகள் வேறு வேறு விடை தருவதில் ஆச்சரியமே இல்லை.

தூளா, படலமா? என் பரிந்துரை படலம். உறைய வைத்து உலர்த்திய தூள் நுண்துளைகள் நிறைந்தது. ஈரம் ஏறி இளகும்போது துளைகள் சரிந்து மூடிக்கொள்ளும். பரப்பு குறைவதால் வாயு உறிஞ்சலும் குறையும். அதைப் பார்த்து "ஈரம் தடுக்கிறது" என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம். கண்ணாடியின் மேல் சீராக ஊற்றி உலர்த்திய படலத்தில் இந்தத் தொல்லை குறைவு. தடிமனும் கணக்கில் வரும். உலர் புரதத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.35 கிராம். சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிகிராம் பூசினால் தடிமன் ஏறத்தாழ முக்கால் மைக்ரோமீட்டர்.

மூன்றாம் படி: தண்ணீர்க் கணக்கு

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் ஒதுக்குங்கள். வாயு உருளையைத் திறக்க வேண்டாம். வெறும் தண்ணீரும் புரதமும் மட்டும்.

குறிப்பிட்ட ஈரப்பதத்தைப் பெற எளிய வழி, தெவிட்டிய உப்புக் கரைசல். மூடிய கலத்தில் உப்பும் கொஞ்சம் தண்ணீரும் குழம்பாக இருந்தால் அதன் மேலுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் அந்த உப்புக்கே உரிய அளவில் நிற்கும். 25 டிகிரி செல்சியஸில் லித்தியம் குளோரைடு 11 சதவீதம், மெக்னீசியம் குளோரைடு 33, பொட்டாசியம் கார்பனேட் 43, மெக்னீசியம் நைட்ரேட் 53, சோடியம் குளோரைடு 75, பொட்டாசியம் குளோரைடு 84, பொட்டாசியம் நைட்ரேட் 94, பொட்டாசியம் சல்பேட் 97. கரையாத உப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி அடியில் கிடக்க வேண்டும். அது முழுக்கக் கரைந்துவிட்டால் எண்ணும் போய்விடும்.

மாதிரியை ஒவ்வொரு கலத்திலும் வைத்து, எடை நிலைக்கும் வரை காத்திருங்கள். அசையாத காற்றில் இது மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் ஆகும். கலத்திலிருந்து காற்றை வெளியேற்றினால் நீராவி விரைவாகப் போய்ச் சேரும். நீராவி உறிஞ்சலைத் தானாகவே எடைபோடும் கருவி ஆய்வகத்தில் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் நல்ல தராசும் பொறுமையும் போதும்.

உலர் எடை என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். உலர்த்தும் கலத்தில் வைத்த புரதத்திலும் சில சதவீதம் தண்ணீர் ஒட்டிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் கடைசிச் சில மூலக்கூறுகள் மின்னேற்றத் தொகுதிகளை இறுகப் பிடித்திருக்கும். பாஸ்பரஸ் பென்டாக்சைடு மேல் வெற்றிடத்தில் உலர்த்துவது ஒரு வழி. கார்ல் ஃபிஷர் முறையில் மிச்சத் தண்ணீரை நேரடியாக அளப்பது இன்னும் நம்பகமானது. எந்த வழியானாலும் எல்லா மாதிரிகளுக்கும் ஒரே வழி.

கிடைக்கும் வளைவு பெரும்பாலும் நீட்டிய எஸ் வடிவில் இருக்கும். பல கோளப் புரதங்கள் 11 சதவீத ஈரப்பதத்தில் 100 கிராமுக்குச் சுமார் 3 முதல் 5 கிராம் தண்ணீரும், 75 சதவீதத்தில் 15 முதல் 20 கிராமும் பிடிக்கும். அதற்கு மேல் வளைவு செங்குத்தாக ஏறும். லைசோசைமில் இந்தத் தண்ணீர் எப்படி நிரம்புகிறது என்பது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. முதலில் மின்னேற்றத் தொகுதிகள், அப்புறம் மற்ற முனைவுத் தொகுதிகள். ஒரு கிராம் புரதத்துக்கு சுமார் 0.38 கிராம் தண்ணீர் சேரும்போது மேற்பரப்பு ஒரு சுற்று முழுக்க மூடப்படுகிறது. மூலக்கூறு ஒன்றுக்கு ஏறத்தாழ 300 தண்ணீர் மூலக்கூறுகள். அந்த நொதியின் செயல்பாடு 0.2 கிராம் அளவிலேயே தலைகாட்டத் தொடங்குகிறது, அதாவது மேற்பரப்பு மூடிமுடிக்கும் முன்பே புரதம் அசையத் தொடங்கிவிடுகிறது. வாயு உறிஞ்சல் திடீரென மாறும் இடத்தைத் தேடும்போது இந்த எண்களை மனதில் வைத்திருங்கள்.

ஈரத்தை ஏற்றிக்கொண்டே போய் அளந்த வளைவும் இறக்கிக்கொண்டே வந்து அளந்த வளைவும் ஒன்றாக இருக்காது. ஒரே ஈரப்பதத்தில் உலர்ந்துவரும் புரதத்தில் தண்ணீர் சற்று அதிகமாக இருக்கும். ஆகவே மாதிரி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது ஏட்டில் இருக்க வேண்டும். இன்னொன்று: 80 சதவீதத்துக்கு மேல் வாரக்கணக்கில் வைத்தால் பூஞ்சை வரும். பூஞ்சை ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டைஆக்சைடை விடும். நீங்கள் அளப்பது அப்புறம் புரதத்தின் உறிஞ்சலாக இருக்காது.

நான்காம் படி: விரவலுக்கு ஒரு சின்னக் கணக்கு

வாயு படலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? தடிமனின் வர்க்கத்தை விரவல் குணகத்தால் வகுத்தால் தோராய விடை. தண்ணீரில் சிறிய வாயு மூலக்கூறின் விரவல் குணகம் நொடிக்குச் சுமார் 100 கோடியில் 2 சதுர மீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் படலம் வெறும் தண்ணீராக இருந்தால் கடக்க அரை மில்லிநொடி போதும். அதே படலம் கண்ணாடி நிலையில் இருந்து, விரவல் குணகம் அதில் 2 கோடியில் ஒரு பங்காகக் குறைந்திருந்தால் 10,000 நொடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரம்.

இந்தக் கணக்கைச் செய்யாமல் சோதனை நேரத்தை முடிவு செய்யாதீர்கள். 20 நிமிடம் வாயு செலுத்தி "உலர் புரதம் உறிஞ்சவில்லை" என்று எழுதினால், அது உறிஞ்சவே உறிஞ்சாது என்று பொருளல்ல, உள்ளே போக அதற்கு நேரம் தரவில்லை என்றுதான் பொருள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. 100 கிராமுக்கு 20 கிராம் தண்ணீர் ஏறினால் படலம் கன அளவில் கால் பங்குக்கு மேல் வீங்கும். ஈரமான மாதிரிக்குப் புதிய தடிமனைப் போட வேண்டும்.

ஐந்தாம் படி: வாயுவை அளத்தல்

மீண்டு வரும் வாயுக்களுக்கு எடைபோடும் முறை ஆசை காட்டும். ஆனால் ஈரத்தில் அது பொல்லாத முறை. 100 மில்லிகிராம் புரதத்தை 75 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் ஈரப்பதம் ஒரு புள்ளி நகர்ந்தாலே தண்ணீர் எடை அரை மில்லிகிராம் அல்லது அதற்கும் மேல் மாறும். நீராவி அளவு மாறாமல் வெப்பநிலை மட்டும் ஒரு டிகிரி குறைந்தால் ஈரப்பதம் நாலைந்து புள்ளி உயரும். நீங்கள் தேடும் கார்பன் டைஆக்சைடின் எடை அரை மில்லிகிராமாக இருந்தால் அது தண்ணீரின் அலைச்சலில் காணாமல் போகும். அதைவிட மோசம், வாயு உள்ளே வரும்போது கொஞ்சம் தண்ணீரைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கலாம். எடை குறையும், ஆனால் வாயு உறிஞ்சப்பட்டிருக்கும். எடையோடு கூடவே வாயுவைத் தனியாக அடையாளம் காணும் ஒரு வழியும் வேண்டும்: அகச்சிவப்பு நிறமாலை, அல்லது வெளியேறும் காற்றில் மீதமுள்ள வாயுவின் அளவு. படிகத்தின் அதிர்வு மாறுவதை வைத்து எடை காணும் குவார்ட்ஸ் படிகத் தராசும் இதே எச்சரிக்கைக்கு உட்பட்டது. 1959-இல் சாவர்பிரே தந்த சூத்திரம் விறைப்பான மெல்லிய படலத்துக்கானது; ஈரத்தில் இளகிய படலத்துக்கு அதை அப்படியே போட்டால் எடை தப்பாக வரும்.

ஓசோன் போன்ற வினைபுரியும் வாயுக்களுக்குப் பூச்சுக் குழாய் முறை சிறந்தது. கண்ணாடிக் குழாயின் உட்சுவரில் புரதத்தைப் பூசி, வாயுவை ஒரு முனையில் விட்டு மறுமுனையில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். இதிலிருந்து வருவது உறிஞ்சல் குணகம்: பரப்பில் மோதும் மூலக்கூறுகளில் எத்தனை பங்கு திரும்பாமல் போகின்றன என்ற எண். ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். 25 டிகிரியில் ஓசோன் மூலக்கூறின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 360 மீட்டர். குழாயின் ஆரம் அரை சென்டிமீட்டர், குணகம் பத்து லட்சத்தில் ஒன்று என்றால் இழப்பின் வேக மாறிலி நொடிக்கு 0.036. வாயு குழாய்க்குள் 10 நொடி இருந்தால் சுமார் 30 சதவீதம் காணாமல் போகும். நன்றாக அளக்கக்கூடிய அளவு. குணகம் இதைவிட நூறு மடங்கு குறைவாக இருந்தால் இந்தக் குழாய் போதாது. நீளமான குழாய் அல்லது மெதுவான ஓட்டம் வேண்டும். நூறு மடங்கு கூடுதலாக இருந்தால் வாயு சுவரை வந்தடையும் வேகமே தடையாகிவிடும், அதற்குத் திருத்தம் போட வேண்டும்.

ஓட்டத்தில் ஈரம் சேர்க்க, உலர் காற்றையும் தண்ணீர்க் குமிழி வழியே வந்த ஈரக் காற்றையும் கலக்குங்கள். சரிபாதி கலந்தால் ஏறக்குறைய 50 சதவீதம் வரும். ஆனாலும் உணரியால் அளந்தே எழுதவும். வாயுவை ஈரம் சேர்த்த பிறகுதான் கலக்க வேண்டும். உப்புக் கரைசல் இருக்கும் கலத்துக்குள்ளேயே வாயுவை விடுவது தவறு. பொட்டாசியம் கார்பனேட் கரைசல் கார்பன் டைஆக்சைடையும் கந்தக டைஆக்சைடையும் தானே விழுங்கிவிடும். புரோமைடு உப்புகளை ஓசோன் தாக்கும். அமோனியா எந்தத் தண்ணீரைக் கண்டாலும் கரையும்.

புற ஊதா ஒளியால் ஓசோனை அளக்கும் கருவிகள் 254 நானோமீட்டரில் வேலை செய்கின்றன. ஈரப்பதம் சட்டென்று மாறினால் அந்த அளவு தடுமாறும், எனவே ஒவ்வொரு ஈரப்பதத்திலும் கருவி நிலைக்கும் வரை பொறுத்து, பூச்சில்லாத குழாயோடு ஒப்பிட்டு அளக்கவும்.

பாதுகாப்பு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பணியிடங்களில் ஓசோனுக்குப் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் 8 மணி நேர வரம்பு காற்றில் கோடியில் ஒரு பங்கு. சோதனைக்கு நீங்கள் பயன்படுத்தும் செறிவு அதே அளவிலோ மேலேயோ இருக்கும். வெளியேறும் வாயுவைப் புகைப்போக்கி அறைக்குள் விடாமல் சோதனை தொடங்கக் கூடாது. நைட்ரஜன் டைஆக்சைடு, எத்திலீன் ஆக்சைடு போன்றவற்றைப் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

ஆறாம் படி: வெற்றுச் சோதனைகள்

குறைந்தது மூன்று வேண்டும். பூச்சில்லாத குழாயை எல்லா ஈரப்பதங்களிலும் ஓட்டுங்கள், ஏனென்றால் ஈரமான கண்ணாடியும் வாயுவைப் பிடிக்கும். புரதம் இருந்து வாயு இல்லாமல் ஒன்று. புரதமும் வாயுவும் இருந்து, முடிவில் உலர் காற்றால் துடைத்து, எவ்வளவு வாயு திரும்பி வருகிறது என்று பார்ப்பது மூன்றாவது. திரும்பி வந்தது ஒட்டியது அல்லது கரைந்தது, வராதது வினைபுரிந்தது.

ஏழாம் படி: வரைபடத்தைப் படித்தல்

கிடை அச்சில் ஒப்பு ஈரப்பதத்தைப் போட்டு ஒரு வரைபடம், ஒரு கிராம் புரதத்துக்கான தண்ணீரைப் போட்டு இன்னொன்று. இரண்டாவதில்தான் காரணம் தெரியும்.

உறிஞ்சல் ஈரத்தோடு தொடர்ந்து குறைந்தால் இடப்போட்டி. தண்ணீர் வளைவின் தொடக்கப் பகுதியிலேயே, மின்னேற்றத் தொகுதிகள் நிரம்பும் இடத்தில், குறைவு அதிகமாக இருக்கும். முதலில் தட்டையாகப் போய், ஓரிடத்தில் முழங்கை மாதிரி மடங்கி ஏறினால் இளகல்: புரதம் கண்ணாடி நிலையை விட்டு வெளியே வருகிறது. தண்ணீரில் மிக நன்றாகக் கரையும் வாயுவுக்கு ஏற்றம் தண்ணீர் அளவுக்கு நேர்விகிதத்தில் போகும். முதலில் இறங்கி அப்புறம் ஏறினால் குழம்ப வேண்டாம். போட்டியும் கரைதலும் அடுத்தடுத்து ஆட்சி செய்கின்றன, அவ்வளவுதான்.

ஓசோன் போன்றவற்றில் நேரத்தோடு குணகம் எப்படி மாறுகிறது என்பதுதான் அதிகம் பேசும். தொடக்கத்தில் எந்த ஈரப்பதத்திலும் வேகம் கூடுதலாக இருக்கும், மேற்பரப்பில் உள்ள டைரோசின், டிரிப்டோபேன், சிஸ்டீன் போன்றவை தயாராகக் காத்திருப்பதால். அவை தீர்ந்ததும் உலர் படலத்தில் வேகம் சரசரவென்று விழும். ஓசோனும் உள்ளே போக முடியாது, உள்ளே இருக்கும் புதிய மூலக்கூறுகளும் மேலே வர முடியாது. ஈரப் படலத்தில் வேகம் மெதுவாகத்தான் இறங்கும், ஏனென்றால் வினை உள்ளே ஆழத்துக்குப் பரவுகிறது. சீரம் அல்புமின் மேல் ஓசோனைச் செலுத்தி 2011-இல் வெளியான ஆய்வுகள் இதைத்தான் காட்டின. ஈரத்தால் வரும் நிலைமாற்றம் வாயு உறிஞ்சலைக் கட்டுப்படுத்துகிறது. காற்றில் மிதக்கும் புரதத் துகள் வறண்ட காற்றில் நெடுநேரம் உள்ளே பத்திரமாக இருக்கும், ஈரக் காற்றில் முழுக்கத் தாக்கப்படும். முதல் ஐந்து நிமிட அளவை மட்டும் வைத்து ஈரத்தின் விளைவு சின்னது என்று முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய பிழை என்று இதிலிருந்து தெரியும்.

பொட்டலப் படலங்களிலும் இதே கதைதான். உலர்ந்த புரதப் படலம் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும். ஈரம் ஏறியதும் அந்தத் தடுப்பு கரைந்து போகும்.

எட்டாம் படி: புரதத்துக்கு என்ன ஆனது?

காற்றில் காணாமல் போன வாயுவை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். புரதத்தில் அதன் தடயத்தைத் தேடுங்கள். ஓசோனும் நைட்ரஜன் டைஆக்சைடும் சேர்ந்து இருந்தால் டைரோசின் நைட்ரோடைரோசினாக மாறும். ஓசோன் முதலில் டைரோசினிலிருந்து ஒரு நீடித்த இடைநிலைத் தனியுறுப்பை (இணை சேராத எலக்ட்ரான் கொண்ட, வினைக்குத் துடிக்கும் வடிவம்) உண்டாக்குகிறது, நைட்ரஜன் டைஆக்சைடு அதன் மேல் வந்து சேர்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூலக்கூறு எடை 45 கூடும். அல்புமின் மூலக்கூறு ஒன்றுக்கு ஒரு டைரோசின் இப்படி மாறினால் எடை 0.07 சதவீதம்தான் உயரும், அதாவது தராசால் இதைப் பிடிக்கவே முடியாது. படலத்தைக் கரைத்து, கரைசலைக் காரமாக்கி, 428 நானோமீட்டருக்கு அருகில் ஒளி உறிஞ்சலைப் பார்த்தால் மஞ்சள் நிறமாக அது தெரியும். இரண்டு டைரோசின்கள் இணைந்து உண்டாகும் டைடைரோசினை, 320 நானோமீட்டர் அருகே ஒளியூட்டினால் 410 அருகே வரும் ஒளிர்வால் காணலாம்.

இப்போது ஒவ்வொரு ஈரப்பதத்திலும் குழாயில் காணாமல் போன வாயுவின் மோல் எண்ணிக்கையையும் புரதத்தில் தெரிந்த மாற்றத்தின் மோல் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஓசோன் பல அமினோ அமிலங்களைத் தாக்குவதால் இரண்டும் சமமாக இருக்காது. பார்க்க வேண்டியது இரண்டின் விகிதம். உலர்விலிருந்து ஈரத்துக்குப் போகும்போது விகிதம் மாறாமல் இருந்தால் ஈரம் வினையின் வேகத்தையும் ஆழத்தையும் மட்டும் மாற்றியிருக்கிறது. விகிதம் நகர்ந்தால் வினையின் பாதையே மாறியிருக்கிறது, அல்லது வாயுவின் ஒரு பகுதி வேறெங்கோ போகிறது. அப்படியானால் ஆறாம் படியின் வெற்றுச் சோதனைகளை அந்த ஈரப்பதத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். அவை சுத்தமாக இருந்தால் தனியுறுப்பு எங்கே போகிறது என்று தேடத் தொடங்கலாம்.